மனிலாவுக்குப் போனால் கூடும், மானிப்பாய்க்குப் போனால் கூடாது

"பென்சன் வந்ததும் ஊரோட போய் இருக்கப்போறன்" என்று சொல்லாத ஆட்கள் லண்டனில் குறைவு. 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்து பெற்றோல் செட்டிலும் கடைகளிலும் இரவு பகலாக நின்றவர்கள் இப்போது ஒவ்வொருவராக 66 வயதைத் தொடுகிறார்கள். ஊரில் வீடு திருத்தி, கிணறு இறைத்து, கேற்றுக்குப் பெயின்ற் அடித்தும் முடிந்துவிட்டது. பென்சன் என்னாகும் என்று மட்டும் பலர் விசாரிப்பதில்லை.

பிரித்தானிய அரச ஓய்வூதியம் ஆண்டுதோறும் ஏப்ரலில் கூடும். விலைவாசி, சம்பள உயர்வு, 2.5 வீதம், இந்த மூன்றில் எது பெரிதோ அந்த அளவுக்கு. இலங்கையில் போய்க் குடியேறினால் அந்த உயர்வு கிடையாது. போகும்போது எவ்வளவோ, அங்கே இருக்கும்வரை அவ்வளவுதான். இந்தியாவும் அப்படித்தான். மகளோடு இருக்கலாமென்று கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போனாலும் இதே கதை.

கணக்கைப் பாருங்கோ. 2016 இல் புதிய ஓய்வூதிய முறை தொடங்கியபோது முழுத்தொகை கிழமைக்கு 155.65 பவுண்ஸ். அந்த வருசமே அதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குப் போனவருக்கு 2025 இலும் அதே 155.65. லண்டன் ஹரோவிலேயே இருந்துவிட்டவருக்கு 2025 ஏப்ரலில் இருந்து 230.25. கிழமைக்கு 74.60 பவுண்ஸ் வித்தியாசம், வருசத்துக்கு 3,800க்கும் மேல். இரண்டு பேரும் சம்பளத்தில் வெட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸை ஒரே மாதிரிக் கட்டினவர்கள்தான்.

"அங்க சீவிக்க அவ்வளவு காசு தேவையே அண்ணை?" என்று கேட்கிறார்கள். 2022 இல் இலங்கையில் விலைவாசி ஒரே வருசத்தில் 70 வீதமளவு ஏறினதை மறந்துவிட்டார்களாக்கும். ரூபா விழுந்ததால் பவுண்சுக்குக் கூடக் கிடைத்தது உண்மை. அந்தக் கூடுதல் மருந்துக்கும் சமையல் காஸுக்கும் போனதும் உண்மை. சரி, செலவு குறைந்த நாடு என்பதுதான் காரணமென்றால் பிலிப்பைன்ஸ்? மனிலாவில் இருப்பவருக்கு வருசாவருசம் கூடுகிறது. அமெரிக்காவிலும் கூடுகிறது, எல்லை தாண்டி ரொறன்ரோவுக்கு வந்தால் நின்றுவிடும். உயர்வு கொடுக்கத்தான் வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும் நாட்டுக்குக் கொடுக்கிறார்கள், மற்றவைக்கு இல்லை. வேறு தர்க்கம் ஒன்றும் இதில் எனக்குத் தெரியவில்லை.

தென்னாபிரிக்காவில் வாழ்ந்த அனெற் கார்சன் என்ற அம்மா இதை எதிர்த்து வழக்குப் போட்டு, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார். 2010 இல், நீதிபதிகளில் 11 பேர் எதிராகவும் 6 பேர் ஆதரவாகவும் சொல்ல, தோற்றார். நேஷனல் இன்ஷூரன்ஸ் தனியார் பென்சனுக்குக் கட்டும் காசு மாதிரி அல்லவாம். சட்டப்படி சரியாக இருக்கலாம், எனக்கு மனசு ஏற்கவில்லை. சம்பளத்தில் வெட்டும்போது கடைசிக் காலத்தில் எங்கே இருப்பாய் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

அதுவும், ஊரோடு போனவரால் இங்கே என்ன செலவு? என்ஹெச்எஸ் என்ற அரச மருத்துவச் சேவைப் பக்கம் அவர் வருவதில்லை. வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் கொடுக்கும் பென்சன் கிரெடிட் இல்லை, வாடகை உதவியும் இல்லை. நிரந்தரமாகத் திரும்பி வந்தால் மட்டும் பென்சன் முழுதாக ஏறும். காசு போதாமல், 80 வயதில் வருத்தத்தோடு ஒருவர் திரும்பி வந்தால் அரசாங்கத்துக்கு எதில் மிச்சம்?

பிரித்தானியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாக்குரிமை 15 வருசத்தோடு முடிகிற சட்டம் 2024 ஜனவரியில் இல்லாமல் போய்விட்டது. மானிப்பாயில் இருந்தபடியே, கடைசியாக இருந்த தொகுதியில் பதிந்து வோட்டுப் போடலாம். தைப்பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருகிற எம்பிமாரிடம் அடுத்த முறை இதைக் கேளுங்கோ. போட்டோ எடுக்க முதல் கேளுங்கோ.