முதலில் யார் படியேற வேண்டும்?

ஒப்புரவைப் பற்றி, அதாவது பிரிந்தவர்கள் மறுபடி சமாதானமாவதைப் பற்றி, நம் சபைகளில் கேட்கிற பிரசங்கங்களில் பெரும்பாலானவை காயம்பட்டவரை நோக்கியே பேசுகின்றன. மன்னித்துவிடு, மறந்துவிடு, கர்த்தர் பார்த்துக்கொள்வார். காயப்படுத்தியவரும் அதே ஆலயத்தில்தான் அமர்ந்திருப்பார், பல நேரங்களில் முன்வரிசையிலேயே. அவரைப் பார்த்து ஒரு வார்த்தை வராது. இது சுவிசேஷத்தைத் தலைகீழாகப் பிடிப்பது என்றே நான் நினைக்கிறேன்.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு யாரை எழுப்பி அனுப்புகிறார் என்று பாருங்கள். காணிக்கையோடு பலிபீடம்வரை வந்துவிட்டவனை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைவு உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். மனத்தாங்கல் இருப்பது அந்தச் சகோதரனுக்கு. போக வேண்டியவன் இவன். கலிலேயாவில் இதைக் கேட்டவர்களுக்குப் பலிபீடம் இருந்த இடம் எருசலேம். பல நாள் நடந்து போய்ச் சேர்ந்தவனைத்தான் திரும்பிப் போகச் சொல்கிறார். ஆராதனை காத்திருக்கட்டும் என்று அவரே சொன்ன பிறகு, நாம் எதற்காக அவசரப்படுகிறோம்?

தென்னிந்தியத் திருச்சபைக்கு இது தெரியாததல்ல. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று பிரிந்து கிடந்தவர்கள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானதால் பிறந்த சபை அது. 1950இல் வந்த அதன் திருவிருந்து ஆராதனை முறைமையில், காணிக்கைக்கு முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கும்படி வைத்தார்கள். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர, இடது கைகள் வெளியிலிருந்து மூடிக்கொள்ளும். அவ்வளவு அழகான முறை. ஆனால் நாம் யாருக்குக் கொடுக்கிறோம்? பக்கத்தில் இருப்பவருக்கும் பின்வரிசையில் இருப்பவருக்கும். யாரோடு வழக்கு இருக்கிறதோ அவர் இருக்கும் பக்கம் நம் கால் திரும்புவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அண்ணன், "ஒரு கையெழுத்துதான், வா" என்று பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். படித்துப் பார்க்க நேரம் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட நகையே உன் பங்கு என்று பிறகு சொன்னார். அக்கா ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினார். உடனே ஜெபக்குழு கிளம்பியது, அக்கா வீட்டுக்கு! "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறாரே அக்கா, மனதைக் கடினப்படுத்தாதீர்கள்" என்று அந்தச் சின்ன முன்னறையில் உட்கார்ந்து சொன்னார்கள். அக்கா ஒன்றும் பேசாமல் எல்லாருக்கும் காப்பி கொடுத்தார். அண்ணன் வீடு அடுத்த தெருவில்தான். அங்கே யாரும் போகவில்லை. அவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார்.

அந்த ஏழெழுபது வருகிற மத்தேயு 18ஆம் அதிகாரத்திலேயே, அதற்குச் சில வசனங்கள் முன்னால், குற்றம் செய்த சகோதரனிடம் போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்று இருக்கிறது. கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து. அக்காவுக்குப் பின்பாதியை மட்டும் வாசித்துக் காட்டுவது அநியாயம்.

யாக்கோபைப் பாருங்கள். அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை ஏமாற்றி வாங்கிக்கொண்டு ஓடியவன், மாமன் லாபான் வீட்டில் 20 வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். வெறுங்கையோடு வரவில்லை. வெள்ளாடு, செம்மறியாடு, ஒட்டகம், மாடு, கழுதை என்று 500க்கும் மேற்பட்ட மிருகங்களை மந்தை மந்தையாக முன்னால் அனுப்புகிறான். ஏழுதரம் தரைமட்டும் குனிகிறான். அண்ணன் ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறான். எனக்குப் போதுமானது இருக்கிறது, நீயே வைத்துக்கொள் என்கிறான். யாக்கோபு விடவில்லை, வருந்திக் கேட்டு வாங்கிக்கொள்ள வைக்கிறான். அண்ணன் அழுதுவிட்டான் என்பதற்காகக் கடன் தீர்ந்துவிட்டதாக அவன் எண்ணவில்லை. வரி வசூலித்த சகேயுவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று கேட்கிறான்.

இன்னொன்றும் கவனியுங்கள். அப்படிக் கட்டியழுத பிறகும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து குடியேறவில்லை. ஏசா சேயீருக்குப் போகிறான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போகிறான். பின்னாளில் தகப்பன் ஈசாக்கை அடக்கம்பண்ண இருவரும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். பகை போனது, வீடு இரண்டாகவே இருந்தது. அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போனால்தான் நீ மன்னித்ததாக அர்த்தம் என்று பெண்களிடம் சொல்லி அனுப்புகிறவர்கள் இந்த இடத்தை நின்று வாசிக்க வேண்டும். ஒடிசாவில் 1999 ஜனவரியில் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். பாரிபதாவில் தங்கித் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். வழக்கு அதன் வழியில் நடந்து தண்டனையும் வந்தது. அதனால் அவருடைய மன்னிப்பு குறைந்துவிடவில்லை.

முன்னோர்கள் இதில் நம்மைவிடக் கண்டிப்பாக இருந்தார்கள். ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகம், பகையோடு இருக்கிறவர்களை ஒப்புரவாகும்வரை கர்த்தருடைய பந்தியில், அதாவது திருவிருந்தில் சேர்க்க வேண்டாம் என்று குருவானவருக்குக் கட்டளையிடுகிறது. ஒருவர் மனதார மன்னித்து, தன் பக்கத் தவறைச் சரிசெய்யவும் ஆயத்தமாக இருந்து, மற்றவர் பிடிவாதமாக நின்றால், ஆயத்தமானவரைச் சேர்த்துக்கொள், பிடிவாதக்காரரைச் சேர்க்காதே என்கிறது. நம் ஊரில் நடப்பது என்ன? அக்கா வீட்டில் இருக்கிறார். அண்ணன் காணிக்கைத் தட்டு எடுக்கிறார்.

அடுத்த முறை ஜெபக்குழு அக்கா வீட்டுக்குக் கிளம்பினால் நான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணன் வீட்டுக்குப் போவதென்றால் முதல் ஆளாக வருகிறேன். போகும்போது ஒரு தகவலையும் அவரிடம் சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்கிய அதே பத்திரப்பதிவு அலுவலகத்தில், தங்கைக்குரிய பங்கை அவர் பெயருக்கு செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிக்கொடுக்கலாம். குடும்பத்தாருக்குள் எழுதுவதால் முத்திரைத் தீர்வையும் குறைவுதான்.