பேட்டரிக்குப் பணி நீட்டிப்பு

(ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். 2025 ஜூன் 14, காலை எட்டு மணி. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் தடைக்காலம் இன்றோடு முடிகிறது. சூப்பிரண்டு சார் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னாசி விசைப்படகில் போகிறவர், பக்கத்து வீடு. இருவருக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கார், கிளம்ப மனமில்லாமல் நிற்கிறது.)

சார்: இன்னாசி! இருக்கிறாயா? ஒரே ஒரு தள்ளு.

இன்னாசி: இன்றைக்கு இருக்கிறேன் சார். நாளைக்குக் கடலுக்குப் போய்விடுவேன். இந்த இரண்டு மாதமாகப் படகைத்தான் தொடவில்லை, உங்கள் காரைத் தள்ளாத நாள் இல்லை. தடைக்கால நிவாரணம் கடலுக்குப் போகாமல் இருப்பதற்குக் கொடுக்கிறார்கள். இதற்கு இல்லை.

சார்: அதற்குத்தானே தினமும் டீ வாங்கித் தருகிறேன்?

இன்னாசி: டீக்கடைக்குப் போகத்தானே காரையே எடுக்கிறீர்கள்! நான் தள்ளாவிட்டால் அந்த டீயே கிடையாது. பேட்டரியை மாற்றுங்கள் சார். அது முடிந்துவிட்டது.

சார்: முடிந்துவிட்டது என்று யார் சொன்னது? அதற்கு ஐந்து வயதுதான் ஆகிறது. பில் வைத்திருக்கிறேன், 2020 ஜூன். ஊரடங்கில் வண்டி நின்றே கிடந்ததில் பழைய பேட்டரி செத்து, ஓய்வு பெற்று வந்த பணத்தில் முதல் செலவாக இதை வாங்கினேன். நான் வேலையை விட்டேன், இது வேலையில் சேர்ந்தது.

இன்னாசி: வாரன்டி?

சார்: 48 மாதம். போன வருடம் முடிந்தது.

இன்னாசி: அப்புறம் என்ன?

சார்: உனக்கு அலுவலக நடைமுறை தெரியாது. வாரன்டி என்பது தகுதிகாண் பருவம். அது முடிந்தால் பணி நிரந்தரம் என்று பொருள்.

இன்னாசி: சார், நம் ஊர் வெயிலில் நாலு வருடம் தாண்டிய பேட்டரி ஒவ்வொரு நாளும் கடன் வாங்கித்தான் ஓடுகிறது.

சார்: வெயில் என்ன செய்யும்? குளிரில்தானே வண்டி கிளம்பாது என்பார்கள்.

இன்னாசி: குளிரில் கிளம்பாமல் போகிற பேட்டரியையும் பாதி கொன்றது அதற்கு முந்தைய வெயில்தான். சூட்டில் உள்ளே தண்ணீர் வற்றும், ஈயத் தகடு அரித்துப் போகும். போதாததற்கு நம் உப்புக் காற்று. முனையில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்ததே, வெந்நீரும் சோடா உப்பும் போட்டு நான்தானே தேய்த்தேன்?

சார்: தேய்த்த பிறகு இரண்டு நாள் பிரமாதமாகக் கிளம்பியதே! அதனால்தான் சொல்கிறேன், இதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

இன்னாசி: அதோடு சரியாகியிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். முனையில் அழுக்கு என்றால் பேட்டரி மேல் பழி போடக் கூடாதுதான். ஆனால் போன வாரம் இரவு முழுக்க சார்ஜரில் போட்டோம், மூன்றாம் நாள் காலையில் மறுபடி டக் டக் டக்.

சார்: அது பல்லி.

இன்னாசி: எது?

சார்: டக் டக் என்று கேட்கிறதே, அது பானெட்டுக்குள் இருக்கும் பல்லி. கிளம்பும் நேரத்தில் பல்லி சொன்னால் போகிற காரியம் கைகூடும்.

இன்னாசி: நீங்கள் சாவியைத் திருப்பும்போது மட்டும் சொல்கிற பல்லியா? அது இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டருக்குப் போகிற சுவிட்ச் சார். ஒட்டப் பார்க்கிறது, பிடித்து நிற்கக் கரன்ட் பத்தாமல் விட்டுவிடுகிறது, மறுபடி ஒட்டப் பார்க்கிறது. அதுதான் சத்தம்.

(சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு மாதமாக அந்தப் பல்லியை நம்பித்தான் அவர் வெளியே போய் வந்திருக்கிறார்.)

சார்: சரி, தள்ள ஆள் இல்லை என்பதுதானே பிரச்சினை? வண்டியை மேட்டில் நிறுத்தினால் தானாக உருளும், கியரில் விட்டால் கிளம்பிவிடும்.

இன்னாசி: மேடா? நம் ஊரில் எங்கே சார் மேடு? மாங்காயை உருட்டிவிட்டால் அதே இடத்தில் நிற்கும்.

சார்: பாம்பன் பாலம்.

இன்னாசி: பாலத்து நடுவில் நிறுத்தினால் வண்டி கிளம்புமுன் போலீஸ் வரும்.

சார்: அப்படியானால் கெந்தமாதன பர்வதம். இந்தத் தீவிலேயே உயரமான இடம் அதுதான்.

இன்னாசி: காரை ராமேஸ்வரத்தில் பர்வதத்துப் பக்கம் நிறுத்திவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வருவீர்கள். காலையில் பஸ் ஏறிப் போய், காரை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு வருவீர்கள். அப்படித்தானே?

சார்: ஓய்வூதியர்தானே, நேரம் இருக்கிறது.

இன்னாசி: சார், விலை நாலாயிரத்துச் சொச்சம்தான். ஏன் இவ்வளவு பாடு?

சார்: பணமா பெரிது? எனக்கு 58 வயதில், 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி ஓய்வு கொடுத்தார்கள். மே 7-ஆம் தேதி ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். ஒரு வாரம் இன்னாசி, ஒரே ஒரு வாரம்! அடுத்த வருடம் 60 ஆக்கினார்கள். எனக்குக் கிடைக்காத நீட்டிப்பு இதற்காவது கிடைக்கட்டும்.

(இதைச் சொல்லும்போது சார் கார்க் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். கண்ணையும் துடைத்தாரா என்பது தெரியவில்லை.)

இன்னாசி: பாவம்தான் சார். ஆனால் உங்களை யாரும் தள்ளி அலுவலகத்தில் கொண்டுபோய் விடவில்லையே.

சார்: பாம்பன் ரயில் பாலத்தைப் பார். 1914-இல் போட்டது, 2022 வரை 108 வருடம் ரயிலைத் தாங்கியது. வயதைப் பார்த்தா அனுப்பினார்கள்?

இன்னாசி: அதையேதான் நானும் சொல்கிறேன். அதில் சென்சார் மாட்டி, என்ன தாங்குகிறது என்று அளந்து பார்த்து, முடியவில்லை என்று தெரிந்த பிறகுதான் நிறுத்தினார்கள். நாமும் அளந்து பார்ப்போம். வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது, படகு வயரிங்குக்கு வாங்கியது.

சார்: நீ அளந்தால் அது தனிநபர் கருத்து. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1953-லிருந்து பேட்டரி வகையறாதான் ஆராய்கிறார்கள். 1985-இல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் காரைக்குடி நம் ராமநாதபுரம்தானே. ஒரு கருத்துரு தயார் செய்து அனுப்பினால்...

இன்னாசி: பதில் வருவதற்குள் அடுத்த தடைக்காலம் வந்துவிடும். பானெட்டைத் திறங்கள்.

(பானெட் திறக்கிறது. இன்னாசி வீட்டுக்குப் போய் மீட்டரோடு திரும்பும்போது, சார் ஒரு தட்டில் சூடம் ஏற்றிப் பேட்டரிக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.)

இன்னாசி: ஐயோ சார்! சூடத்தை அணையுங்கள்!

சார்: தினமும் காட்டுகிறதுதானே?

இன்னாசி: தினமும் பானெட் மூடியிருக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், பொறி பட்டால் வெடிக்கும். உள்ளே இருப்பது கந்தக அமிலம். அப்புறம் ஓய்வூதியம் உங்கள் வீட்டம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியமாகப் போய்விடும்.

(சூடம் அணைகிறது. தட்டு தூரத் திண்ணைக்குப் போகிறது.)

சார்: அளப்பதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். மேலே ஒரு சின்னக் கண் இருக்கிறது பார். பச்சையாக இருந்தால் நல்லது என்று ஒட்டியிருக்கிறார்கள். பச்சைதான்!

இன்னாசி: பேட்டரிக்குள் ஆறு அறை சார். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, சேர்ந்துதான் பன்னிரண்டரை சொச்சம். இந்தக் கண் அதில் ஒரே ஒரு அறையைத்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தும் எப்படி இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது.

சார்: அப்படியா? அதாவது, ஆறு பேர் இருக்கும் செக்ஷனில் ஒருவன் மட்டும் வந்து ஆறு பேருக்கும் கையெழுத்துப் போடுகிறான்.

இன்னாசி: அதேதான்.

சார்: எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு செக்ஷன் இருந்தது. (கோபம் வருகிறது.) அள! அள நீ!

இன்னாசி: இரவெல்லாம் சும்மா நின்ற வண்டி. நல்ல பேட்டரி என்றால் 12.6 காட்ட வேண்டும். இது... 12.1. பாதிக்கும் கீழே.

சார்: பாதி மதிப்பெண் தேர்ச்சிதானே? 35 எடுத்தால் போதும்.

இன்னாசி: இனிதான் பரீட்சையே. நீங்கள் சாவியைத் திருப்புங்கள், நான் மீட்டரைப் பார்க்கிறேன். இழுக்கிறபோது ஒன்பதரைக்குக் கீழே போகக் கூடாது.

(டக் டக் டக்.)

இன்னாசி: 7.8.

சார்: இன்னொரு முறை?

(டக்.)

இன்னாசி: 7.1. பல்லிக்கே தொண்டை கட்டிவிட்டது சார்.

சார்: தினமும் ஓட்டுகிறேனே, சார்ஜ் ஏறாதா?

இன்னாசி: ஸ்டார்ட் பண்ண மரக்காலால் அள்ளுகிறீர்கள். டீக்கடைக்குப் போகிற ஐந்து நிமிடத்தில் உழக்கால் ஊற்றுகிறீர்கள். அப்படிப் பாதி வயிற்றோடு கிடந்தால் தகட்டில் உப்பு மாதிரிப் படிந்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் ஏறாது. இதையே தள்ளித் தள்ளி ஓட்டினால், செத்ததை நிரப்பி நிரப்பி, சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரும் படுக்கும். அது பேட்டரியை விட விலை.

சார்: ஒருவேளை கோளாறே அந்த ஆல்டர்னேட்டரில் இருந்தால்? எனக்கு நியாயமான விசாரணை வேண்டும்.

இன்னாசி: நல்ல கேள்வி. அதையும் பார்த்துவிடுவோம்.

(இன்னாசியின் மகன் படகு விளக்குக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரியை டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து இறக்குகிறான். சிவப்பு வயர் இரண்டு பிளஸ்ஸுக்கும். கறுப்பு வயரின் ஒரு முனை படகு பேட்டரியின் மைனஸில். மறுமுனையை சார் தம் பேட்டரிக்குக் கொண்டுபோகிறார்.)

இன்னாசி: அங்கே வேண்டாம் சார். கடைசி முனையில்தான் பொறி பறக்கும். தள்ளி, இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். இப்போது சாவி.

(கார் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. சார் முகத்தில் 2020-க்கு முந்தைய வெளிச்சம். வயர்களைக் கழற்றியதும் மகன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். படகில் ஐஸ் ஏற்ற ஆள் கூப்பிடுகிறார்களாம்.)

இன்னாசி: இப்போது மீட்டரைப் பாருங்கள். 14.2. பதின்மூன்றே முக்காலுக்கு மேல் இருந்தால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக ஊற்றுகிறது. வாங்கி வைத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

சார்: (நீண்ட மூச்சு) குற்றச்சாட்டு நிரூபணம். சரி, பழையதை என்ன செய்வார்கள்?

இன்னாசி: கடையில் கொடுத்தால் புதியதின் விலையில் கழிப்பார்கள். உள்ளே ஈயம் இருக்கிறதே, உருக்கி மறுபடி பேட்டரிக்கே போகும். குப்பையில் போடக் கூடாது.

சார்: மறுபடி பேட்டரிக்கேவா? அப்படியானால் மறுநியமனம்! எனக்குக் கொடுக்காவிட்டாலும் இதற்குக் கொடுக்கிறார்களே. கழிக்கிற தொகை பணிக்கொடை.

இன்னாசி: அந்தப் பணிக்கொடையும் உங்கள் பையில்தான் விழுகிறது. சரி சார், நேராக ராமேஸ்வரம் பேட்டரிக் கடைக்கு விடுங்கள். வழியில் எங்கேயும் இன்ஜினை அணைக்காதீர்கள். டீக்கடையில் கூட.

சார்: புரிகிறது, புரிகிறது. பழைய பில்லை எடுத்து வருகிறேன், கழிவு கேட்க வசதியாக இருக்கும். வீட்டையும் பூட்ட வேண்டும்.

(சார் உள்ளே போகிறார். பில் இருக்கும் கோப்பு, அந்தக் கோப்பு இருக்கும் பீரோ, பீரோ சாவி இருக்கும் டப்பா. இன்னாசி வாசலில் பீடி பற்ற வைக்கப் போய், பானெட்டைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு நகர்கிறார். ஏழு நிமிடம் கழித்து சார் வெற்றிகரமாகக் கோப்போடு வருகிறார். தெரு ரொம்ப அமைதியாக இருக்கிறது.)

இன்னாசி: சார்... வண்டி ஓடவில்லையே?

சார்: உள்ளே போகும்போதே அணைத்துவிட்டேன். சும்மா நிற்கிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல்?

(சாவியைத் திருப்புகிறார். டக் டக் டக்.)

சார்: இன்னாசி, நீ என்ன வேண்டுமானாலும் சொல், இது பல்லிதான். நல்ல காரியத்துக்குப் போகிறோம், சொல்கிறது.

இன்னாசி: (கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு) சொல்லட்டும் சார். சாவி ஆனில் இருக்கட்டும், கிளட்சை மிதித்து இரண்டாவது கியரில் போடுங்கள்.