கையெழுத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்

"அடியில் 'லோட்ஸ் ஆஸ்திரியா' என்று பொறித்திருந்தால் அசல், இல்லையென்றால் போலி" என்று பழைய லோட்ஸ் கண்ணாடி ஜாடிகளைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது தவறு. பொஹீமியாவின் (இன்றைய செக் குடியரசு) கிளோஸ்டர்மூலேயில் இருந்த லோட்ஸ் கண்ணாடி ஆலையின் பெரும்பாலான பொருள்களில் கையெழுத்தே கிடையாது. மாறாக, கிராலிக், ரிண்ட்ஸ்கோப் போன்ற வேறு ஆலைகளின் ஜாடிகளில் பிற்காலத்தில் யாரோ லோட்ஸ் பெயரைப் பொறித்து விலையேற்றுவது வழக்கம். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: பழைய தேய்மானக் கீறல்கள் எழுத்தின் மேலேறிப் போக வேண்டும். எழுத்து அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு, விளிம்பு வெள்ளையாகப் பளிச்சிட்டால் புதுப் பொறிப்பு.

முதலில் வடிவத்தையும் அலங்காரத்தையும் ஆலையின் பழைய வடிவத் தாள்களோடு ஒப்பிடுங்கள். அடியில் பான்டில் தடம் (செய்யும்போது கண்ணாடியைப் பிடித்திருந்த கம்பி விட்ட தழும்பு) தேய்த்து மெருகேற்றப்பட்டிருப்பது நல்ல அறிகுறிதான். அது மட்டும் போதாது, மற்ற ஆலைகளும் அப்படிச் செய்தன. வானவில் மினுக்கமோ எதையும் நிரூபிக்காது: சூடான கண்ணாடியில் உலோக உப்பு ஆவி படியவைத்தால் யாருக்கும் அது வரும்.