பிள்ளை சொன்ன வணக்கத்துக்குப் பதில் தெரியவேண்டாமா?

மூன்று நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு அந்த ஸ்கிரீன்ஷொட்டை எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். இனியும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க ஏலாது. எந்த ஸ்கிரீன்ஷொட் என்று இதை வாசிக்கிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிப் போகவேண்டாம். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் பத்துப் பேர் கண்ணில் பட நான் காரணமாக இருக்க விரும்பவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி, இரண்டு கிழமை தான்சானியாவில் தொண்டராகப் படிப்பித்தேன் என்று பிள்ளைகளின் படங்களும் வீடியோவும் போட்டிருந்தா. அதற்குக் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி. "தங்கச்சி, நல்ல மனசு. ஆனா பிள்ளைகளின் முகம் தெரியாமல் படத்தைப் போட்டிருக்கலாமே." அவ்வளவுதான். அதற்குத்தான் பொறாமை பிடித்தவள், வெளிநாடு போக வக்கில்லாதவள், "நீ என்ன கிழிச்சாய்?" என்றெல்லாம் வந்தது. ஒருவர் நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன் என்று விசாரித்திருக்கிறார். வலயக் கல்வி அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறாராம். கொடுக்கட்டும்.

ஒரு வரியில் சொன்னது விளங்கவில்லை என்றால் விரித்தே சொல்கிறேன்.

அந்த வீடியோவை நான் ஒரு தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை பார்த்தேன். தான்சானியாவில் மோஷிப் பக்கம், கிளிமஞ்சாரோ மலையடிவாரம். தகரக் கூரை போட்ட வகுப்பு. தங்கச்சி உள்ளே வர, பிள்ளைகள் எல்லாரும் எழும்பி ஒரே குரலில் "ஷிக்காமோ, ம்வாலிமு" என்கிறார்கள். தங்கச்சி சிரித்தபடி கமராவைப் பார்த்துக் கையசைத்து "ஹலோ" என்கிறா. முன்வாங்கில் பச்சைச் சுவெற்றர் போட்ட ஒரு சின்னன். அதன் ஒரு கைமுட்டியில் நூல் பிரிந்து தொங்குகிறது. மற்றப் பிள்ளைகள் இருந்த பிறகும் அது இருக்கவில்லை. தனியாக, கொஞ்சம் மெதுவாக, இன்னொரு முறை "ஷிக்காமோ" என்கிறது. பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

அங்கே பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் சொல்லுகிற மரியாதை வணக்கம் அது. உங்கள் பாதம் பிடிக்கிறேன் என்பதுபோல அதற்குப் பொருள் சொல்லுவார்கள். பெரியவர் "மரஹாபா" என்று சொல்லி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ம்வாலிமு என்றால் ஆசிரியர். அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே அரசியலுக்கு வரமுதல் பள்ளிக்கூட ஆசிரியர். கடைசிவரை சனம் அவரை ம்வாலிமு என்றுதான் அழைத்தது. அவ்வளவு பெரிய சொல்லை அந்தச் சின்னன் நம்முடைய தங்கச்சிக்குக் கொடுத்தது. அதைக் கையில் வாங்கக்கூட அவவுக்குத் தெரியவில்லை.

இது சின்ன விசயமா? நீங்கள் சொல்லுங்கள். ஒரு வெள்ளைக்காரர் நம்முடைய தரம் 1 வகுப்புக்குள் வந்து, பிள்ளைகள் கைகூப்பி வணக்கம் சொல்ல, திருப்பிச் சொல்லாமல் போனைத் தூக்கிப் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். படிப்பிக்கப் போகிறவருக்கு அந்தப் பிள்ளையின் மொழி கொஞ்சமாவது தெரியவேண்டும், படிப்பிக்கப் பழகியிருக்க வேண்டும், அங்கே தங்கியிருக்க நாள் வேண்டும். தான்சானியாவின் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் 1967 முதல் சுவாஹிலியில்தான் பாடம் நடக்கிறது. அந்தத் தங்கச்சிக்கு சுவாஹிலி தெரியாது, அவ ஆசிரியையும் இல்லை, நின்றது பதினொரு நாள். மிச்ச மூன்று நாள் செரெங்கெட்டியில் யானை பார்த்த படங்களும் அதே அல்பத்தில் கிடக்கின்றன. சுற்றுலா போகட்டும், யார் வேண்டாம் என்றது? அதற்குப் படிப்பிப்பு என்று பெயர் வைத்ததுதான் எனக்குச் சுடுகிறது. இங்கே ஆரம்ப வகுப்பு எடுக்க நான் தாளங்குடா கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருசமும், பள்ளிக்கூடத்தில் பயிற்சியாக ஒரு வருசமும் கழித்தேன். ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு மட்டும் அது தேவையில்லையா? ஏன், அந்தப் பிள்ளை பிள்ளை இல்லையா?

"ஒண்டும் செய்யாம இருக்கிறதவிட இரண்டு கிழமையாவது போறது நல்லம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல நோக்கத்தோடு கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் இத்தோடு நிறுத்திவிடலாம்.

நான் மட்டக்களப்புக் கடற்கரையில் நாவலடிக்காரி. சுனாமி வந்த 2004 மார்கழி 26 அன்று எனக்கு ஒன்பது வயது. அதற்கு மேல் அன்றைய நாளைப்பற்றி எழுதப்போவதில்லை. மறுகா நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாமிருந்தோம், பிறகு கூடாரத்தில். 2005 முழுக்க வெளிநாட்டு அக்காமார், அண்ணன்மார் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் மூன்று கிழமை, ஒருவர் பத்து நாள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் முதல் நாள் "வட் இஸ் யுவர் நேம்" என்பதில் தொடங்குவார்கள். அந்த ஒரு வருசத்தில் நான் "மை நேம் இஸ்" ஆறு தடவை படித்தேன். இரண்டாவது பாடத்துக்குப் போக ஒருவரும் நிற்கவில்லை. ஆட்டம், பாட்டு, பலூன், போட்டோ. கடைசி நாளில் கட்டிப்பிடித்து அழுவார்கள், திரும்பி வருவேன் என்பார்கள். என் தம்பிக்கு ஐந்து வயது. ஒரு அக்கா போன பிறகு விடிந்தால் போதும், முகாம் வாசலில் போய்க் குந்திவிடுவான். எத்தனை நாள் என்று எண்ணவில்லை. அம்மா போய்த் தூக்கிவருவா. ஒரு நாள் அவனாகவே போவதை விட்டான். அடுத்த அக்கா வந்தபோது அவன் கூடாரத்தைவிட்டு வெளியே வரவில்லை.

இரண்டு கிழமையாவது நல்லம்தானே என்று கேட்கிறவர்களே, வாசலில் குந்தியிருந்தது உங்கள் தம்பி இல்லை.

எங்களுக்குப் பின்னம் படிப்பித்தது யார் தெரியுமா? எங்களுடைய டீச்சர்தான். கடல் அவவின் அம்மாவையும் வீட்டையும் கொண்டுபோனது. அதே முகாமில், எங்களுக்கு மூன்றாவது கூடாரத்தில் இருந்தா. கரும்பலகை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி ஒன்று, கறுப்பு நிறத்தில். வெண்கட்டியை நனைத்து அதில் எழுதுவா. காய்ந்த பிறகுதான் எழுத்துத் தெரியும். "பொறுங்க மனே, இப்ப வரும்" என்பா. நாங்கள் எழுத்து வெளுத்து வரும்வரை பார்த்துக்கொண்டிருப்போம். கால், அரை, முக்கால். அவவை ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை.

போட்டோ எடுத்தது என்னை. கல்லூரியில் இருந்த நாளில் கூட்டாளி ஒருத்தி போனை நீட்டி "இது நீதானேகா?" என்றாள். ஏதோ ஒரு நாட்டு இணையப் பக்கம். நீலத் தரப்பாளுக்கு முன்னால், யாரோ தந்த பெரிய கவுணைப் போட்டுக்கொண்டு நான். தோள் வழுகி விழுந்து கிடக்கிறது. கீழே ஆங்கிலத்தில், தாய் தகப்பனை இழந்த சிறுமி என்று போட்டிருந்தது. படத்தின் ஓரத்தில் ஒரு பாதிக் கையும் ஒரு வாளியும் தெரிந்தன. அந்தக் கை என் அம்மாவின் கை. தண்ணீர் பவுசர் வரிசையில் எனக்குப் பக்கத்தில்தான் நின்றா. கையை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இன்றுவரை நான் அதைக் காட்டவில்லை.

இதனால்தான் அந்த ஒரு வரியை எழுதினேன். தங்கச்சி, பச்சைச் சுவெற்றர்ப் பிள்ளையின் படத்துக்குக் கீழே "யாருமற்ற இந்தச் செல்லங்கள்" என்று போட்டிருக்கிறீர்களே, அந்தப் பிள்ளைக்கு யாரும் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அதன் சுவெற்றரைத் தோய்த்துப் போட்டுவிட்டது யார்?

"நீங்களும் வெள்ளைக்காரன் தந்ததச் சாப்பிட்டுத்தானே வளர்ந்தீங்க?" இது எனக்கு மிகவும் வலித்த கேள்வி. ஆம், சாப்பிட்டோம். அரிசி தந்தார்கள், பருப்பு தந்தார்கள், கூடாரம் தந்தார்கள், ஒரு வைத்தியர் தம்பியின் காலைக் காப்பாற்றினார். அவர் வைத்தியம் படித்தவர், அவருக்குச் சாகும்வரை நன்றி. சோறு தந்தவர்களிடம் நன்றி சொல்கிற வாய், வகுப்பைப்பற்றிப் பேசக்கூடாதா? அகதியாக இருந்தவர்களுக்குக் கருத்து இருக்கக்கூடாதா?

ஆப்பிரிக்காவுக்குப் போகவே கூடாது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு கணக்கு மாஸ்டர் இருந்தார். 1981இல் நைஜீரியா போனவர். 1976இல் அந்த நாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று தொடங்கியது. எண்ணெய்க் காசு வந்த காலம், பள்ளிக்கூடங்கள் பெருகின, ஆசிரியர் போதவில்லை. இலங்கையிலிருந்தும் ஒப்பந்தத்தில் நிறையப் பேர் போனார்கள். மாஸ்டர் கானோப் பக்கம் ஒரு ஊரில் நான்கு வருசம் நின்றார். பாடம் ஆங்கிலத்தில்தான், ஆனாலும் ஹவுசா மொழி படித்தார். பிள்ளைகள் அவரை மாலம் என்று கூப்பிட்டார்களாம், ஆசிரியர் என்று பொருள். நம்முடைய வேப்பமரம் அங்கே நிற்கக் கண்டு அதைக் கட்டிப்பிடித்ததைச் சொல்லுவார். டோகொன் யாரோ என்று அங்கே அதற்குப் பெயர். தன்னிடம் படித்த பெடியன்மாரின் பெயர்களை எழுபது வயதிலும் வரிசையாகச் சொல்லுவார். அவர் சம்பளத்துக்குப் போனவர்தான், தொண்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவர் படிப்பித்தார்.

தொண்டாகப் போகிறவர்களிலும் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்காவின் பீஸ் கோர் என்ற அரசாங்கத் தொண்டர் அமைப்பு 1961இல் முதன்முதல் கானாவுக்கு ஆசிரியர்களை அனுப்பியது. அதில் போகிறவர்களுக்கு மொழிப் பயிற்சியோடு சேர்த்து 27 மாதம். பிரித்தானியாவின் வீ.எஸ்.ஓ. என்ற தொண்டர் அமைப்பு 1958இல் பள்ளிப் படிப்பு முடித்த பெடியன்மாரை அனுப்பித்தான் தொடங்கியது, பிறகு தகுதியும் அனுபவமும் உள்ளவர்கள் என்று மாறியது. அவர்களே பட்டுத் தெளிந்த விசயம் இது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையும் அநாதை இல்லங்களுக்குச் சுற்றுலாப்போலத் தொண்டர்கள் போவதால் பிள்ளைகளுக்கு வரும் கேட்டைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் எடுத்தது. இதையெல்லாம் நான் பொறாமையில் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொரு பக்கம் எனக்கு ஆதரவாக வந்தவர்களும் இருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை ஊர்களைக் காட்டி, "படுவான்கரையில வாத்தி இல்ல, இவ ஆப்பிரிக்காவுக்குப் போறா" என்று. தயவுசெய்து அதை என் தலையில் கட்டாதீர்கள். பதினொரு நாளைக்கு வந்து படம் எடுத்துப் போக படுவான்கரைப் பிள்ளைகளையும் நான் தரமாட்டேன்.

படுவான்கரை என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நீ என்ன கிழிச்சாய்" என்று கேட்ட அண்ணா, கேளுங்கள். உயர்தரம் முடித்த கையோடு இரண்டு வருசம் நான் தொண்டர் ஆசிரியை. நம்முடைய ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும்: நியமனம் இல்லாமல், அரசாங்கச் சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிறவர். காலை ஐந்தரைக்கு பஸ், குருமண்வெளித் துறையில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறி மண்டூர், அங்கிருந்து சைக்கிள். யானை நின்றால் திரும்பிவர வேண்டும். பெற்றோர் சேர்த்துத் தருவது மாதம் மூவாயிரம், அதுவும் வேளாண்மை வெட்டு முடிந்தால்தான். மழைநாளில் பாதைக்கார மாமா காசு வாங்கமாட்டார். "வெச்சிக்க மனே, பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறாய்" என்பார். என்னைப்போலத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வருசம் தொண்டராகவே இருந்து, நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்த அக்காமாரை நீங்கள் கடந்து போயிருப்பீர்கள். 2017இல் பட்டதாரிகள் வேலை கேட்டு மட்டக்களப்பு காந்தி பூங்காவில் இருந்தபோதும் கடந்து போயிருப்பீர்கள். தான்சானியாவிலும் பயிற்சி முடித்து வேலை கிடைக்காமல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த வகுப்பில் நிற்க வேண்டியவர் அவர்களில் ஒருவர். அவருக்கு ஒரு வருசச் சம்பளம் கொடுக்க தங்கச்சியின் விமானச் சீட்டுக் காசும் அவவை அனுப்பிய ஏஜென்சிக்குக் கட்டிய காசும் எவ்வளவு உதவியிருக்கும்? இதைச் சொன்னால் நான் பொறாமைக்காரி.

இந்தத் தொண்டர் என்ற சொல்லுக்காக எங்களில் எத்தனை பேர் கல்யாணம் தள்ளிப்போய், கடன்பட்டு, நகை ஈடுவைத்து இருந்தோம். பதினொரு நாளில் அந்தச் சொல்லை எடுத்துப் போட்டுக்கொண்டு "மட்டு மண்ணின் மகள்" என்று ஆயிரக்கணக்கில் லைக் வாங்குவதைப் பார்க்கும்போது நெஞ்சு எரியும். எரிகிறது. அதை மறைக்கவில்லை. ஆனால் எரிச்சல் இருப்பதால் நான் சொன்னது பிழையாகிவிடாது.

தங்கச்சி, உங்களோடு எனக்குப் பகை இல்லை. உங்கள் அம்மாவின் ஊர் எங்கள் ஊர்தான். உங்களை அங்கே அனுப்பியவர்கள் இதையெல்லாம் சொல்லித் தந்திருக்க வேண்டும், சொல்லவில்லை. இருபத்தொரு வயதில் எனக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். திரும்பவும் போக விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். போங்கள். முதலில் சுவாஹிலி படியுங்கள், ஆசிரியப் பயிற்சி எடுங்கள், ஒரு வருசத்துக்குக் குறையாமல் நில்லுங்கள். அந்தப் பச்சைச் சுவெற்றர்ப் பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அதைப் பதிவில் போடவேண்டாம், தெரியுமா என்று மட்டும்தான் கேட்கிறேன்.

இன்பொக்ஸிலும் இதைத்தான் எழுதினேன். பார்த்திருக்கிறீர்கள், பதில் இல்லை. பிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களையும் அந்த வீடியோவையும் எடுத்துவிட்டால் அன்றைக்கே இந்தப் பதிவையும் எடுத்துவிடுவேன். வலயத்துக்கு எழுதுகிற அண்ணாவுக்கு என் பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டுமென்றால் என்னிடமே கேட்கட்டும். நாளைக்குத் தரம் 3க்கு முதல் பாடம் என்னுடையது, இரவு எட்டுக்குப் பிறகுதான் போனைப் பார்ப்பேன்.