கேட்டது பெட்ரோல், ஊத்துறதுல அஞ்சுல ஒரு பங்கு சாராயம்

மதுரையில எந்த பங்க்ல போய் நின்னாலும் ஈ20 தான். லிட்டருக்கு 200 மில்லி எத்தனால், அதாவது சாராயம். எத்தனால்ல பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அப்புறம் மைலேஜ் எங்கிட்டு வரும்? பழைய டூவீலருக்கு 3, 4 சதவீதம் குறையும்னு 2021-லயே மத்திய அரசோட கொள்கை அமைப்பான நிதி ஆயோக் எழுதி வச்சிருச்சு. விலையைக் குறைச்சாங்களா?

கார்புரேட்டர் வண்டின்னா கேக்கவே வேணாம். ரப்பர் ஓஸ் ஊறி வெடிக்கும், கார்புரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டை, அந்த பைலட் ஜெட் அடைச்சுக்கும், உதைச்சு உதைச்சு முட்டி கழண்டுரும். ஐப்பசி மழையில டேங்க்ல தண்ணி கொஞ்சம் கூடுதலா இறங்குச்சோ, எத்தனால் அதைச் சேர்த்துக்கிட்டுத் தனியாப் பிரிஞ்சு அடியில உக்காந்துக்கும். எஞ்சினுக்குப் போற குழாயும் அடியிலதானய்யா இருக்கு! பிறகென்ன, டேங்கைக் கழட்டு, கொட்டு, கழுவு.

பழைய வண்டியையெல்லாம் வைகையில தள்ளவா? ஓட்டு கேட்டு வந்த எம்.பி.க்கு ஆளுக்கொரு தபால் தட்டுங்க, பத்து சதவீதம் மட்டும் எத்தனால் கலந்த ஈ10-க்காவது தனி பம்பு வைக்கச் சொல்லி. ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு பதில் வரும், வாங்கி வச்சுக்கங்க.