கோதுமையும் ஆகாது, ஸ்டார்ச்சும் ஆகாது என்றால் எங்களுக்குப் பிரெட்டே கிடையாதா?

இன்றைக்கும் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். முக்கால் மணி நேரம் பொட்டலம் பொட்டலமாக எடுத்து, பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்து, திரும்ப வைத்துவிட்டு வந்தேன். வயிறு எரிகிறது.

எனக்கு முதல் வகை நீரிழிவு. கூடவே சீலியாக் நோய். அதாவது, சாப்பிடும் மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்டை) எண்ணி இன்சுலின் போட வேண்டும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் துளி உள்ளே போனாலும் என் குடலின் உட்சுவர் புண்ணாகும். இது ஏதோ கோடியில் ஒருவருக்கு வரும் விந்தையான கூட்டு அல்ல. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் சீலியாக் நோய் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. சீலியாக் குழந்தைகளைப் படுத்துவது கோதுமைதான் என்று வில்லெம் டிக்கே என்ற டச்சு மருத்துவர் 1950-லேயே தன் ஆய்வேட்டில் எழுதிவிட்டார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் எங்களைப் போன்றவர்கள் ஒரு துண்டு பிரெட்டுக்காக இப்படி அலைய வேண்டியிருக்கிறது.

அலமாரியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். ஒரு தட்டில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் போட்ட பிரெட். திருப்பிப் பார்த்தால் அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், உருளைக்கிழங்கு ஸ்டார்ச், சோள ஸ்டார்ச், கூடவே சர்க்கரை. சாதாரண வெள்ளைப் பிரெட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 49 கிராம் மாவுச்சத்து. இதிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நார்ச்சத்து, புரதம் பல பொட்டலங்களில் அதைவிடவும் குறைவு. கோதுமையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுத்த ஸ்டார்ச்சைக் கொட்டியிருக்கிறார்கள். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் என் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத்தான் தெரியும்.

அடுத்த தட்டில் ‘குறைந்த மாவுச்சத்து’ பிரெட். ஆசையோடு எடுத்தேன். தண்ணீருக்கு அடுத்தபடியாக முதலில் எழுதியிருப்பது என்ன தெரியுமா? கோதுமைக் குளூட்டன்! கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலச அலச ஸ்டார்ச் கரைந்து ஓடிவிடும். கையில் மிஞ்சும் ரப்பர் போன்ற புரதம்தான் குளூட்டன். மாவுச்சத்தைக் குறைக்க இவர்கள் கண்டுபிடித்த வழி, எனக்கு நஞ்சான பொருளை மட்டும் பிரித்தெடுத்து அதையே நிரப்புவது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. முதல் தட்டு என் சர்க்கரையைக் கெடுக்கும். இரண்டாவது தட்டு என் குடலைக் கெடுக்கும். இரண்டையும் விட்டு வைக்கும் பிரெட் அந்தக் கடை முழுக்க இல்லை.

அடுத்து எண்களின் குழப்பம். இதில்தான் எனக்கு அடக்க முடியாத கோபம் வருகிறது. ‘நிகர மாவுச்சத்து 2 கிராம்’ என்று முகப்பில் போடுகிறார்கள். யார் போட்ட கணக்கு அது? நிகர மாவுச்சத்து என்ற சொல்லுக்கு அமெரிக்கச் சட்டத்தில் வரையறையே கிடையாது. அங்கே ‘மொத்த கார்போஹைட்ரேட்’ என்று அச்சிடும் எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடங்கும். நார்ச்சத்து சர்க்கரையை ஏற்றாது என்று அதைக் கழித்து, மிச்சத்தை ‘நிகரம்’ என்பார்கள். ஐரோப்பிய நாடுகளின் லேபிளில் நார்ச்சத்து தனி வரி. கார்போஹைட்ரேட் எண்ணில் அது ஏற்கெனவே சேராது. அது தெரியாமல் ஐரோப்பியப் பொட்டலத்திலும் நார்ச்சத்தைக் கழித்தால் இருப்பதைவிடக் குறைவான எண் வரும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் மருந்து போதாது, சர்க்கரை ஏறும். நான் ஏறிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் முழுவதும் எங்கே தவறினேன் என்று தெரியாமல் தவித்திருக்கிறேன்.

சிலர் ஐசோமால்டோ-ஆலிகோசாக்கரைடு என்ற பாகைச் சேர்த்துவிட்டு அதை நார்ச்சத்துக் கணக்கில் காட்டினார்கள். அது உடம்பில் கணிசமாகச் செரித்து இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை நார்ச்சத்தாக ஏற்கவில்லை. நார்ச்சத்து என்று நம்பிச் சாப்பிட்டவர்களின் நிலைமையை யார் கேட்டார்கள்?

‘கோதுமை இல்லை’ என்ற சொல்லும் முழுக் காப்பு அல்ல. ரை, பார்லி என்ற தானியங்கள் கோதுமை அல்ல; ஆனால் அவற்றிலும் குளூட்டன் உண்டு, எனக்கு ஆகாதவை. ஸ்பெல்ட், காமுட், ஐன்கார்ன் என்று பழங்காலத் தானியம்போலப் பெயர் சூட்டி விற்பவை அத்தனையும் கோதுமை இனங்களே. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கோ வேறொரு பொறி. குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகாதவரை, குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் சேர்த்த பொருளையும் ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்கலாம். முகப்பைப் பார்த்து வாங்காதீர்கள், தயவுசெய்து பின்பக்கத்தைப் படியுங்கள்.

‘வீட்டிலேயே செய்துகொள்ளலாமே’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். செய்கிறேன். இரண்டு ஆண்டுகளாகச் செய்கிறேன். சொல்பவர்கள் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் கிளையாடின், குளூட்டனின் என்ற இரண்டு புரதங்கள் பின்னிக்கொண்டு வலையாகும். ஈஸ்ட் விடும் வாயுவை அந்த வலை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பிரெட் உப்புகிறது. பாதாம் மாவில் அந்த வலை கிடையாது. அதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் கார்போஹைட்ரேட், அதிலும் பாதி நார்ச்சத்து. கணக்குக்கு அருமையான மாவு. ஆனால் அடுப்பிலிருந்து வருவது கேக். தொட்டால் உதிரும். உதிராமல் இருக்க முட்டை சேர்த்தால், ஐந்து முட்டைக்குப் பிறகு ஆம்லெட் வாசனைதான் மிச்சம். தேங்காய் மாவை அதே அளவு போட்டால் தொலைந்தோம். இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும், பாதாம் மாவு போடும் அளவில் கால் பங்கு போட்டாலே போதும். இதை எனக்கு எந்தச் செய்முறையும் சொல்லவில்லை. மூன்று முறை செங்கல்லைச் சுட்டெடுத்த பிறகு நானாகத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் கைகொடுத்தது இசப்கோல் உமி. தண்ணீர் பட்டால் கூழாகி, குளூட்டன் வலை செய்யும் வேலையில் பாதியைச் செய்கிறது. ஆளிவிதைப் பொடியும் துணைக்கு வரும்; அதன் கார்போஹைட்ரேட்டில் பெரும்பகுதி நார்ச்சத்துதான். ஆனால் உமியாக வாங்கினோமா, பொடியாக வாங்கினோமா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். பொடி நெருக்கமாக அமர்வதால் அதே கரண்டியில் அதிக எடை ஏறும். கரண்டிக் கணக்கை நம்பினால் நடுவில் பசை. தராசில் எடை போட்டுத்தான் செய்ய வேண்டும். சில உமி வெந்ததும் ஊதா நிறமாகிவிடுகிறது. முதல்முறை பார்த்தபோது கெட்டுவிட்டது என்று முழு ரொட்டியையும் குப்பையில் கொட்டினேன். கெடவில்லை, அந்த உமியின் இயல்பே அதுதான் என்று பிறகு தெரிந்தபோது அழுகையே வந்தது.

அறிவுரைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ‘முழுக்கோதுமை பிரெட் சாப்பிடு’ என்பார்கள், அதுவும் கோதுமைதானே! ‘லெட்யூஸ் இலையில் சுற்றிச் சாப்பிடு’ என்பார்கள். இலை நல்லதுதான், சாப்பிடுகிறேன். ஆனால் இலையில் வெண்ணெய் தடவ முடியாது. காலையில் அவசரமாகக் கிளம்பும்போது இரண்டு துண்டுகளுக்கு நடுவே எதையாவது வைத்துக் கையில் எடுத்துக்கொண்டு ஓட முடியாது. எனக்குப் பிரெட் வேண்டும். அதைக் கேட்பது பேராசை இல்லை.

பாதாம், ஆளிவிதை, இசப்கோல், முட்டை. இவை கிடைக்காத பொருள்களா? ஒரு சமையலறையில் தனியாளாக நான் தட்டுத்தடுமாறிச் செய்வதை, ஆய்வுக்கூடமும் பெரிய அடுப்புகளும் வைத்திருக்கிறவர்களால் செய்ய முடியாதா? ஒரே பொட்டலத்தில் இரண்டு வாக்கியங்கள் உண்மையாக இருக்க வேண்டும்: இதில் குளூட்டன் இல்லை, இதில் மாவுச்சத்து குறைவு. அத்தோடு 100 கிராமுக்கு எவ்வளவு என்று நேர்மையான ஓர் எண். தாளைப் போல மெல்லிதாக வெட்டிய துண்டுக்கு எவ்வளவு என்ற கணக்கு வேண்டாம்.

அதுவரை நான்தான் செய்துகொள்ள வேண்டும். கடையிலிருந்து வந்ததும் வைத்த ரொட்டி இப்போதுதான் அடுப்பிலிருந்து வெளியே வந்திருக்கிறது. சூடாக வெட்டினால் உள்ளே பசையாகிவிடும். முழுக்க ஆற இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும். நான் காலையிலிருந்து இன்னும் சாப்பிடவில்லை.