மான் சட்டென்று திரும்பிப் பார்த்தது

போன ஞாயிறு பின்னேரம் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுக் கோட்டை வாசல் பக்கமாக இறங்கி வந்துகொண்டிருந்தோம். வழமைபோல மான்கள் நின்றன. வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்த ஒன்று, ஓட்டோ சத்தத்துக்குத் தலையைத் தூக்கியது. நான்கு வயது மகள் என் கையைப் பிடித்து இழுத்து, “அப்பா, மான் சட்டென்று திரும்பிப் பார்த்தது!” என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் “சட்டென்று” என்று பேசுவதில்லை. “டக்கெண்டு திரும்பிப் பாத்தது” என்றுதான் சொல்லுவோம். இரண்டு மாதமாக இரவில் வாசிக்கிற மான்குட்டிக் கதையில் இருக்கிற வசனம் அது. ஒரு எழுத்துக்கூட மாறாமல் சொன்னாள்.

பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினால் சொல்வளம் கூடும், கவனம் கூடும், நெருக்கம் கூடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014இலேயே, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே சத்தமாக வாசித்துக் காட்டும்படி பெற்றோருக்குச் சொல்லுங்கள் என்று தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு இதில் இன்னொரு தேவையும் இருக்கிறது. நாம் பேசுகிற தமிழ் வேறு, எழுதுகிற தமிழ் வேறு. வீட்டில் “அவர் போயிட்டார்” என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைத் திறந்தால் “அவர் சென்றார்” என்று இருக்கிறது. எழுத்தும் புதிது, அந்த எழுத்துக்குள் இருக்கிற மொழியும் காதுக்குப் புதிது. இரண்டையும் ஒரே நேரத்தில் அந்தச் சின்னத் தலையில் ஏற்றிவிட்டு, “பிள்ளைக்கு வாசிப்பு வருகுதில்லை” என்று ரியூசனுக்கு ஓடுகிறோம். மூன்று வயதிலிருந்தே இரவில் பத்து நிமிடம் அந்தத் தமிழைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் பாதி தெரிந்த ஆள் மாதிரி இருக்கும்.

மூத்தவனுக்கு நான் வாசிக்கத் தொடங்கியது 2022 மின்வெட்டு நாட்களில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் பாயில் சாய்ந்துகொண்டு வாசிப்போம். அவனும் ஆசையாகத்தான் இருந்தான். கெடுத்தது நான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனைப் பயம் அப்போதே எனக்குள் புகுந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து “இது என்ன எழுத்து? இதை வாசி பார்ப்பம்” என்று நிறுத்தினேன். ஒருநாள் புத்தகத்தைக் காணவில்லை. தேடினால் மெத்தைக்கு அடியில் இருந்தது. அவன்தான் ஒளித்து வைத்திருக்கிறான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. தயவுசெய்து வாசிக்கிற நேரத்தைப் பாடமாக்காதீர்கள். பிள்ளை கேள்வி கேட்டால் கதையை நிறுத்திப் பேசுங்கள், அது வேறு. ஆனால் மடியில் இருக்கிற பிள்ளையைச் சோதனை மண்டபத்தில் இருத்தாதீர்கள்.

“ஒரே புத்தகத்தையே இன்னொருக்கா வாசியுங்கோ எண்டு கேக்குதே, என்ன செய்யிறது?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாசியுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். புதுச் சொற்களை வேறு வேறு கதைகளில் கேட்டவர்களைவிட, அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள்தான் அந்தச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். 2011இல் அதை வெளியிட்டார்கள். என் மகளுக்கு அந்தச் “சட்டென்று” வந்ததும் இப்படித்தான்.

புத்தக விலை இப்போது கையைக் கடிக்கிறது, உண்மை. இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் நடத்துகிற ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. இறக்கி அச்சடித்துத் தைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படிச் சில செய்திருக்கிறோம். இந்தியத் தமிழ் என்று யோசிக்க வேண்டாம். “வேர்க்கடலை” என்று வந்த இடத்தில் மகள் என்னைப் பார்த்தாள். “டச்பே கடற்கரையில வாங்கிச் சாப்பிடுறமே, கச்சான், அதுதான்” என்றேன். இப்போது கச்சான்காரரைக் கண்டால் இரண்டு பெயரையும் சொல்கிறாள்.

வாசிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். என் மாமி மூன்றாம் வகுப்போடு நின்றவர். கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்துத் தெரியாது. நான் வரப் பிந்துகிற நாட்களில் அதே மான்குட்டிப் புத்தகத்தை விரித்து, படத்தைப் பார்த்து அவர் பாட்டுக்குக் கதை சொல்லுவார். முதல் நாள் மகள் “அம்மம்மா, அப்பிடி இல்லை!” என்று சண்டை பிடித்தாள். இப்போது அதற்கும் காத்திருக்கிறாள். என் கதையில் மான்குட்டி காட்டிலேயே நிற்கிறது. அம்மம்மாவின் கதையில் அது கோட்டைக்குள்ளால் ஏறிப்போய்க் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, தாயைத் தேடி வருகிறது. நேற்று இரண்டையும் சொன்னால்தான் படுப்பேன் என்றாள். சரி என்று முதலில் நான் வாசித்தேன், பிறகு மாமி சொன்னார்.